வீட்டுப் பத்திரத்தை வங்கிக்குக் கொண்டுபோகும் முன்

நீட் இரண்டாவது தடவையும் கைகொடுக்கவில்லை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடு என்று அண்ணன் நெருக்குகிறார். மகளோ கணையத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள். அல்சூரிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். கணவருக்குக் கணைய அழற்சி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததிலிருந்து பெண்ணுக்கு இந்தப் பித்தாம்.

அம்மா, முதலில் பணம். அந்த சீட்டுக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள். டாக்டர் ஆக ஆசைப்படுவது உங்கள் அண்ணன். வட்டி கட்டப் போவது நீங்கள்.

உங்கள் பெண் கேட்பது நல்ல கேள்வி. கணையம் செய்யும் டிரிப்சினோஜன் குடலுக்குப் போன பிறகுதான் டிரிப்சினாக மாறி உணவைச் செரிக்க வேண்டும். அது கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டால் உறுப்பு தன்னையே அரிக்கத் தொடங்குகிறது. அதைத் தடுக்கக் காவல் புரதங்கள் உண்டு. ஸ்பிங்க்1 டிரிப்சினைப் பிடித்து முடக்கும். ஹெச்எஸ்பி70 செல்லைத் தாங்கிப் பிடிக்கும். இவை நிஜமாகவே காவல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காவலாளியை லீவில் அனுப்பிப் பார்க்க வேண்டியதுதான். சுமார் 21 எழுத்து நீளமுள்ள சிறு ஆர்.என்.ஏ.வைச் செல்லுக்குள் செலுத்தினால், அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லி அதன் ஜீன் அனுப்பும் செய்தி மட்டும் வெட்டுப்படும், புரதம் குறையும். புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் அதன் பட்டை மங்கியதா என்று பார்த்துவிட்டு, கணையத்தை அளவுக்கு மீறித் தூண்டும் செருலின் என்ற பொருளைக் கொடுத்து அழற்சியின் சேதத்தை வரவழைப்பார்கள். பக்கத்திலேயே எந்த ஜீனையும் தொடாத போலி ஆர்.என்.ஏ. பெற்ற செல்களும் இருக்கும். புரதம் குறைந்த செல்களில் சேதம் கூடினால் காவல் உறுதி. இந்த ஆர்.என்.ஏ. குறுக்கீட்டை 1998இல் விளக்கிய அமெரிக்க விஞ்ஞானிகள் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவருக்கும் 2006இல் நோபல் கிடைத்தது. 2018இல் இதே வழியில் முதல் மருந்தும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது கணையத்துக்கு அல்ல, ஒரு நரம்பு நோய்க்கு.

இதற்கு வழி? அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. உயிர்வேதியியலோ வேதியியலோ. பயோடெக் என்ற பெயருக்காக லட்சக்கணக்கில் கட்டாதீர்கள். லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், வாரம் எத்தனை மணி நேரம் பிராக்டிகல் என்று கேளுங்கள். கோடை விடுமுறைக்கு அறிவியல் அகாடமிகள் தரும் ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்கட்டும். மூன்றாம் வருடம் ஜாம் என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வு, அப்புறம் நேர்முகம் தாண்டினால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமான ஐ.ஐ.எஸ்சி.யில், பி.எஸ்சி. முடித்ததும் நேராகச் சேரும் ஒருங்கிணைந்த பிஎச்.டி. அதில் முதல் வருடமே உதவித்தொகை உண்டு. எம்.எஸ்சி. முடித்து ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், வாடகைப்படி தனி.

சீக்கிரம் சம்பாதிக்கும் வழி இது இல்லை. ஆறேழு வருடம் ஆராய்ச்சிக்கே போகும், நடுவில் கல்யாணப் பேச்சு வரும். அதை அண்ணனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். நாளைக்கு அவளுக்கே மனம் மாறினாலும், கையில் டிகிரி இருக்கும், தலையில் கடன் இருக்காது.

சரி, மூன்றாவது நீட்? அவளே கேட்டால் மட்டும்.