மறு: மலிவான சாயக்கூலிக்குத் துணியைக் கொடுக்கலாமா?

ஐயா, ஷிப்மென்ட் நெருங்குவதால், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வசதியே இல்லாத சாயப்பட்டறை கேட்கும் குறைந்த கூலிக்குத் துணியைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. உப்பு கலந்த சாயநீரைச் சவ்வூடு வடிகட்டி, மீந்ததை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கும் செலவு அந்தப் பட்டறைக்காரருக்கு இல்லாததால்தான் அந்தக் கூலி கட்டுப்படியாகிறது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகி, நொய்யல் ஆற்றங்கரைக் கிணறுகள் உப்பேறியது தாங்கள் அறியாததல்ல. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, தவறேதும் செய்யாத தையல் தொழிலாளர்கள் வரை அடி விழுந்தது. சரக்கை வாங்கும் பையரிடம் உள்ளதைச் சொல்லி ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள் (ஆடிட் என்று வந்தால் சாயப்பட்டறைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த இசைவாணையை முதலில் கேட்பவரும் அவர்தான்). பொது சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினராக உள்ள பட்டறைக்கே துணியை அனுப்பி, கூடுதல் கூலியை இந்த ஆர்டரின் இலாபத்தில் கழித்துக்கொண்டு, அடுத்த கொட்டேஷனில் சாயக்கூலியைத் தனி வரியாகக் காட்டிவிடுங்கள்.