மணலில் புதையும் வாகனத்துக்கு எந்தப் பலகை? நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: விருந்தினர்களை ஏற்றும் எனது டபுள் கப் வாகனம் கடற்கரை மணலில் அடிக்கடி புதைகிறது. புதைந்த சில்லின் கீழ் செருகி வாகனத்தை வெளியே எடுக்கும் மீட்புப் பலகைகளில் ஒரு சோடி மற்றதைவிட மூன்று மடங்கு விலை. எதை வாங்குவது? (நிலாவெளி)

பதில்: மாதத்துக்கு ஒருமுறையாவது புதைகிறதென்றால் விலை கூடியதை வாங்குங்கள். 2005இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய மேக்ஸ்ட்ராக்ஸ் போன்ற பலகைகள் வலுவூட்டிய நைலோனில் வார்க்கப்படுவதால் சில்லின் கீழ் வளைந்து மீண்டும் நிமிர்கின்றன. மலிவானவற்றில் பல சாதாரண பிளாஸ்டிக்கே. நீளத்தில் கை வைக்காதீர்கள். டிக்கியில் அடங்குகிறதென்று நான் ஒருமுறை குட்டையான சோடி ஒன்றை வாங்கினேன். குச்சவெளியில் வாகனம் வேகமெடுக்கும் முன்னரே சில்லு பலகையின் நுனியைத் தாண்டி மறுபடி புதைந்தது. ஏறத்தாழ 115 சென்ரிமீற்றர் நீளமானதை எடுங்கள்.

கேள்வி: "10 தொன் தாங்கும்" என்று அச்சிட்ட பலகையை நம்பலாமா? (உவர்மலை)

பதில்: இந்த ஒட்டுத்தாளைக் காணும் போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இரண்டு தொன் எடையுள்ள வாகனத்தில் ஒரு சில்லின் மீது வருவது ஏறக்குறைய அரைத் தொன்தான். அதுவும் பலகை மணலின் மேல் கிடக்கும்போது பாரத்தைத் தாங்குவது பலகையன்று, அடியிலுள்ள மணலே. சமதரையில் கிடத்திவிட்டால் தடித்த மரப்பலகையும் பெரும் பாரத்தைத் தாங்கும். அடியில் பள்ளம் இருக்கும்போது அது முறியாமல் வளையுமா, சில்லு உராயும்போது அதைப் பற்றிக்கொள்ளும் பலகையின் பற்கள் அடியோடு பெயர்ந்துவிடுமா, வாகனத்தின் கூரையில் மாதக்கணக்கில் நமது வெயிலில் காய்ந்தால் நொறுங்கிப் போகுமா என்பவையே வாங்குபவர் அறிய வேண்டியவை. அவற்றில் ஒன்றுக்குக்கூட அந்த எண் பதில் சொல்வதில்லை. அதைச் சொல்லி விற்பவரிடம் மூலப்பொருள் என்னவென்று கேளுங்கள், பல் உடைந்தால் உத்தரவாதம் உண்டா என்று கேளுங்கள், இரண்டையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

கேள்வி: வாய்க்காலைக் கடக்க இப்பலகைகளைப் பாலமாக வைக்கலாமா? (தம்பலகாமம்)

பதில்: கூடாது.

கேள்வி: முதல் நாளே பலகையின் பற்கள் உருகிவிட்டன. சில்லு சுழன்றுகொண்டேயிருந்தது, வாகனம் நகரவில்லை. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். (கிண்ணியா)

பதில்: அவர் மறுப்பதில் தவறில்லை. ரயரின் காற்றைக் குறைத்தீர்களா, சில்லுக்கு முன்னாலிருந்த மணலை மண்வெட்டியால் அள்ளினீர்களா என்பது பற்றி உங்கள் நீண்ட கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. மணலில் காற்றை 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்க வேண்டும்; சில்லின் முன் சரிவாகத் தோண்டி, பலகையின் நுனியை ரயரின் அடியில் நன்றாகச் செருகி, தாழ்ந்த கியரில் மெதுவாக ஏற வேண்டும். சில்லு சுழலத் தொடங்கிய கணமே காலை எடுத்துவிடுங்கள், ஏனெனில் உராய்வின் சூட்டில் விலையுயர்ந்த நைலோன் பல்லும் உருகும். பலகை பின்னோக்கிப் பாய்ந்து ஆளைத் தாக்கக்கூடும் என்பதால் எவரையும் வாகனத்தின் பின்னால் நிற்க விடாதீர்கள். அடுத்த சோடியை வாங்குமுன் ஒரு காற்றழுத்தமானி வாங்குங்கள்.

கேள்வி: முகநூலில் நைலோன் பலகையின் படத்தைக் காட்டி விற்றார்கள். பணம் கொடுத்துப் பொதியைப் பிரித்தபோது உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் இருந்தது. இப்போது தொலைபேசியை எடுக்கிறார்கள் இல்லை. மீன் ஏற்றும் வாகனத்துக்காகச் சேர்த்த பணம் அது. (மூதூர்)

பதில்: இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை, காட்டிய பொருளைத் தராதது அவர்களின் குற்றம். விளம்பரத்தையும் உரையாடலையும் அவர்கள் அழிக்குமுன் இன்றே படமெடுத்து வையுங்கள். பொதியின் மேலுள்ள அனுப்புநர் விபரத்தைக் கிழிக்காதீர்கள். பலகையைப் பயன்படுத்தவும் வேண்டாம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். முதலில் 1977 என்ற இலக்கத்தை அழைத்து விபரம் கேளுங்கள். முறைப்பாட்டை எழுதத் துணை வேண்டுமென்றால் ஆவணங்களின் பிரதிகளை எனக்கு அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன்.