கவிஞர் வாலி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வாலியின் வாழ்க்கை குறித்தும் பாடல்கள் குறித்தும் வந்த கேள்விகளில், ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஐயா, ஸ்ரீரங்கத்து ரங்கராஜன் வாலியானது எப்படி? சென்னைக்கு வந்தவுடனேயே வாய்ப்புகள் கிடைத்தனவா? (கல்லூரி மாணவர், திருச்சி)

1931 அக்டோபர் 29 அன்று திருப்பராய்த்துறையில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர் அவர். சிறு வயதில் ஓவியத்தில் பெரும் நாட்டம் இருந்ததால், ஆனந்த விகடன் ஓவியர் மாலியைப் போல நீயும் வரவேண்டும் என்று பள்ளித் தோழர் ஒருவர் வைத்த பெயரே வாலி. கையெழுத்துப் பத்திரிகை, நாடகம், திருச்சி வானொலி என்று எழுதிக்கொண்டிருந்தவர், 'கற்பனை என்றாலும்' என்ற முருகன் பாடலை டி.எம்.சௌந்தரராஜனுக்கு அனுப்பி வைத்தார். அதை அவர் பாடிப் புகழ்பெறச் செய்ததும், அந்தத் தொடர்பு வாலியைச் சென்னைக்குக் கொண்டுவந்ததும் பலரும் அறிந்தவை.

ஆனால் சென்னை அவரை எளிதில் ஏற்கவில்லை. 1950-களின் இறுதியில் முதல் வாய்ப்பு கிடைத்த பின்னும் பட்டினியும் காத்திருப்புமாகவே நாட்கள் கழிந்தன. 'நல்லவன் வாழ்வான்' (1961) படத்துக்கு அவர் எழுதிய பாடலின் ஒலிப்பதிவு ஏதோ ஒரு தடையால் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இளைஞரின் ராசி சரியில்லை என்று நினைத்து, வேறு பாடல் எழுதித் தரும்படி மருதகாசியைக் கேட்டார்கள். எழுதி வைத்திருந்த வரிகளைப் படித்துப் பார்த்த மருதகாசி, இதுவே நன்றாக இருக்கிறது, இதையே பதிவு செய்யுங்கள் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். தம் தொழிலில் போட்டியாக வரக்கூடிய ஒருவருக்கு மூத்த கவிஞர் செய்த இந்த உதவியை, வாலியின் எந்த விருதைக் காட்டிலும் முதலில் நினைவுகூர வேண்டும் என்பேன்.

அதற்குப் பிறகும் சோர்ந்துபோய் ஊர் திரும்ப முடிவெடுத்திருந்த வேளையில், பி.பி.ஸ்ரீநிவாஸ் தாம் அண்மையில் பாடிய 'மயக்கமா கலக்கமா' பாடலை அவருக்குப் பாடிக் காட்டினார். கண்ணதாசனின் அந்த வரிகளைக் கேட்டுத்தான் சென்னையிலேயே தங்கினேன் என்று வாலி பலமுறை சொல்லியிருக்கிறார். 1963-இல் வந்த 'கற்பகம்' அவரை நிலைநிறுத்தியது.

பல பாடல்களைக் கண்ணதாசனுடையவை என்று நினைத்திருந்தேன். பிறகு பார்த்தால் வாலி எழுதியவையாக இருக்கின்றன. ஏன் இந்தக் குழப்பம்? (ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை)

அம்மா, இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. 'கண் போன போக்கிலே கால் போகலாமா', 'மாதவிப் பொன்மயிலாள்' போன்றவற்றை இன்றும் கண்ணதாசன் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையும் சௌந்தரராஜன் குரலும் இருவருக்கும் பொதுவாக அமைந்தது ஒரு காரணம். கண்ணதாசன் கோலோச்சிய காலத்தில் மக்கள் காது எதற்குப் பழகியிருந்ததோ அதே பாணியில் வாலி தெரிந்தே எழுதியது இன்னொரு காரணம். அதை அவர் மறைத்ததும் இல்லை.

இருந்தாலும் கூர்ந்து கேட்டால் வேறுபாடு புலப்படும். கண்ணதாசன் பாடலில் பெரும்பாலும் கண்ணதாசனே பேசுவார். அவருடைய வாழ்க்கையும் தத்துவமும் பாத்திரத்தை மீறி வெளியே வந்துவிடும், அது அவருடைய பெருமை. வாலியோ பாத்திரத்துக்குள் போய் ஒளிந்துகொள்வார். 'எதிர்நீச்சல்' படத்தில் 'அடுத்தாத்து அம்புஜத்தைப் பார்த்தேளா' என்று ஒண்டுக்குடித்தன வீட்டு மனைவி கணவனிடம் குறைப்பட்டுக்கொள்ளும்போது, எழுதியவர் யார் என்ற நினைவே நமக்கு வருவதில்லை.

எம்.ஜி.ஆர். பாடல்களின் அரசியல் தாக்கத்தில் வாலியின் பங்கு எவ்வளவு? (வாசகர், சேலம்)

மிகப் பெரியது. 1964-இல் 'படகோட்டி' படத்தின் எல்லாப் பாடல்களையும் அவரே எழுதினார். மறு ஆண்டு 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் 'நான் ஆணையிட்டால்' வந்தது. கதைப்படி, அஞ்சி ஒடுங்கியிருந்த வீட்டில் ஒருவன் சவுக்கை எடுத்து நீதி கேட்கும் இடம் அது. திரையரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கோ ஒரு தலைவரின் வாக்குறுதியாகக் கேட்டது. இந்த இரண்டு பொருளும் ஒன்றையொன்று இடிக்காமல் ஒரே வரியில் நிற்பதுதான் கடினம்.

'அன்பே வா' (1966) படத்தின் 'புதிய வானம் புதிய பூமி' பாடலைக் கேட்டுப் பாருங்கள். தி.மு.க.வின் சின்னமாகிய உதயசூரியனையே வாலி அதில் எழுதியிருந்தார். தணிக்கைத் துறை மறுக்கவே, 'புதிய சூரியன்' ஆக்கினார்கள். சந்தம் சிறிதும் குலையவில்லை. அரங்கில் இருந்தவர்களுக்கு எந்தச் சூரியன் என்பதும் புரிந்துவிட்டது.

மெட்டுக்கு எழுதுவது கவிதையைக் கட்டிப்போடுவது ஆகாதா? (இசை பயில்பவர், கோவை)

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். இசையமைப்பாளர் 'தன்னானே' என்றோ 'லாலாலா' என்றோ மெட்டைத் தருகிறார். அதில் சுரம் நீளும் இடத்தில் நெடில் வரவேண்டும். உச்சத்தில் வல்லின மெய் வந்து பாடகரின் மூச்சை அடைக்கக் கூடாது. இவ்வளவுக்கும் நடுவில் படத்தின் சூழலும் பாத்திரத்தின் பேச்சும் தவறக் கூடாது.

2006-இல் ஏ.ஆர்.ரகுமான் இசையில் வந்த 'முன்பே வா என் அன்பே வா' பல்லவியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரியில் ஒரு குறில்கூடத் தனியாக நிற்கவில்லை. ஒவ்வொன்றும் ஒற்றோடு சேர்ந்ததாகவோ நெடிலாகவோ இருக்கிறது. ஆகவே மெட்டு எவ்வளவு நிதானமாக நடந்தாலும் சொல் முந்தி ஓடுவதில்லை. நின்று நீளும் இடத்தில் 'வா' என்ற திறந்த ஆகாரம், முன்பே-அன்பே என்ற இயைபு, அழைக்கும் ஒரு பெண்ணின் எளிய சொற்கள். எழுதியபோது வாலிக்கு வயது எழுபத்தைந்தை நெருங்கியிருந்தது.

இந்தத் தேர்ச்சி அவருக்கு எப்போதும் உடனே பலித்துவிடவில்லை. 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில், காதலை இழந்த அப்பு பாடும் பாடலுக்கு அவர் எழுதிய பல்லவிகளைக் கமல்ஹாசன் மாற்றித் தரும்படி கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் வந்ததுதான் 'உன்ன நெனச்சேன் பாட்டுப் படிச்சேன்'. உவமையும் இல்லை, அணியும் இல்லை. சர்க்கஸ் கூடாரத்து மனிதன் ஒருவன் தன் வாயால் சொல்லக்கூடிய நான்கே சொற்கள். மெட்டு கவிஞரைக் கட்டிப்போட்டது என்று இதைப் பார்த்த பிறகும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விரசமான பாடல்களையும் எழுதியிருக்கிறாரே? (வாசகி, யாழ்ப்பாணம்)

எழுதியிருக்கிறார், அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. கவியரங்கத்தில் மொழிக்குத் தாலாட்டும் தாய் என்றும், திரையுலகில் எலும்புக்கு வாலாட்டும் நாய் என்றும் அவரே தம்மை வருணித்துக்கொண்டார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுத்ததால் மறக்கத்தக்க பாடல்களும் அவர் பெயரில் நிறையவே சேர்ந்துவிட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும். பாத்திரத்துக்குள் ஒளிந்துகொள்ளும் கவிஞர், பாத்திரம் மட்டமாக அமைந்துவிட்டால் தாமும் அதனுடன் இறங்க நேர்கிறது.

மொத்தம் எத்தனை பாடல்கள்? (வாசகர், சென்னை)

10,000 என்றும் 15,000 என்றும் சொல்கிறார்கள். எண்ணிக்கையைவிட, எம்.எஸ்.விஸ்வநாதன், வி.குமார், இளையராஜா, ரகுமான் என்று ஒவ்வொருவருடைய இசைக்கும் ஏற்ற மொழியைப் புதிதாகக் கண்டெடுத்ததே எனக்கு வியப்பளிக்கிறது. 'தளபதி'யின் (1991) எல்லாப் பாடல்களையும் எழுதியவரே, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு 'சிக்குபுக்கு ரயிலே' என்று இளைஞர்களை ஆட வைத்தார். அப்போது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது.

சினிமாவுக்கு வெளியே என்ன எழுதினார்? (நூலகர், தஞ்சாவூர்)

ராமாயணத்தைப் புதுக்கவிதையில் தந்த 'அவதார புருஷன்', பாரதத்தைப் பாடிய 'பாண்டவர் பூமி', தன்வரலாறான 'நானும் இந்த நூற்றாண்டும்' ஆகியவை முக்கியமானவை. உங்கள் நூலகத்துக்கு ஒன்றை மட்டும் வாங்குவதானால் தன்வரலாற்றை வாங்குங்கள். அக்காலத் திரையுலகம் எப்படி இயங்கியது என்பதற்கு நல்ல சான்று அது. கே.பாலசந்தரின் 'பொய்க்கால் குதிரை'யில் (1983) நடிக்கவும் செய்தார். 2007-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2013 ஜூலை 18 அன்று சென்னையில் காலமானார்.

இப்போதுதான் பழைய பாடல்களைக் கேட்கத் தொடங்குகிறேன், ஐயா. வாலியை எங்கிருந்து தொடங்கலாம்? (மாணவி, பெங்களூரு)

புகழ்பெற்றவற்றைத் தள்ளிவைத்துவிட்டு, 'கற்பக'த்தில் பி.சுசீலா பாடிய 'அத்தை மடி மெத்தையடி'யை முதலில் கேளுங்கள். அடுத்து 'இரு கோடுக'ளில் வரும் 'புன்னகை மன்னன் பூவிழிக் கண்ணன்' பாடலைக் கேளுங்கள். ஒரே கண்ணனை முன்வைத்து இரண்டு பெண்கள் மாறிமாறி உரிமை கோருவதில், வெளியே சொல்ல முடியாத குடும்பச் சண்டை முழுவதும் அடங்கியிருக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு அதை இன்னொரு முறை கேட்டால், எந்த வரி யாருக்காகச் சொல்லப்பட்டது என்பது விளங்கும்.