குடியேறியவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகராட்சி என்ன செய்யும்? கேள்வி பதில்

கேள்வி (சாட்ஸ்வொர்த்): எங்கள் பின்கட்டு அறையில் காங்கோ குடும்பம் ஒன்று வாடகைக்கு இருக்கிறது. அவர்களுடைய அகதிக் காகிதத்தை நகராட்சியில் புதுப்பிக்கலாமா?

பதில்: முடியாதம்மா. அது ஹோம் அஃபயர்ஸ், அதாவது நாட்டின் உள்துறை, பார்க்கும் வேலை. 1998 அகதிகள் சட்டப்படி இங்கே முகாம் கிடையாது, வந்தவர்கள் ஊருக்குள்தான் வாழவேண்டும். அதனால் தண்ணீர், கிளினிக், நூலகம், சந்தையில் இடம் இவையெல்லாம் நகராட்சியின் பொறுப்பாகின்றன. தரகரிடம் காசு கொடுக்க வேண்டாமென்று சொல்லுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணமே இல்லை.

கேள்வி (பீனிக்ஸ்): காகிதமில்லாத கர்ப்பிணியைக் கிளினிக்கில் பார்ப்பார்களா?

பதில்: பார்த்தாக வேண்டும். அவசரச் சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு.

கேள்வி (வெருலம்): அகதி கடை வைக்கலாமா?

பதில்: லிம்போபோ மாகாணத்தில் சோமாலியர் கடைகளை மூடிய வழக்கில், அகதிகளும் லைசென்ஸ் கேட்கலாமென்று 2014இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தரகர் மட்டும் வேண்டாம்.

கேள்வி (டோங்காட்): நம் பாட்டன் பூட்டன்மாருக்கு எந்த நகராட்சி உதவியது? இவர்களுக்கு மட்டும் ஏன்?

பதில்: அண்ணே, அன்றைய நகராட்சியான டர்பன் கார்ப்பரேஷன் தன்னிடம் வேலை செய்த நம் இந்தியர்களை மேகசின் பாரக்ஸ் என்ற தொழிலாளர் குடியிருப்பில் குடிவைத்தது. குப்பை அள்ளியவர்களும் தெரு கூட்டியவர்களும் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். 1924இல் டர்பன் அடங்கிய நேட்டால் மாகாணத்தில் இந்தியர்களுக்கு நகராட்சி ஓட்டும் போனது. ஓட்டில்லாதவன் குழாயடிக்கு எவ்வளவு காலம் காத்திருப்பான்? பிறகு 1960களில் அவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். நகராட்சி கைவிட்டால் என்னாகும் என்பது நம் வீட்டுக் கதை. அதை இன்னொருவர் தலையில் இறக்க எனக்கு மனம் வரவில்லை.

மீண்டும் டோங்காட்: நம்மைக் கூலிக்கு அழைத்து வந்தார்கள். இவர்கள் தாங்களாக வந்தவர்கள்.

பதில்: சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்த நம் வணிகர்களும் தாங்களாக வந்தவர்களே. 1897 ஜனவரியில் கூர்லாண்ட், நாதேரி கப்பல்களில் வந்தவர்களை இறங்கவிடக் கூடாதென்று டர்பன் துறைமுகத்தில் கூட்டம் கூடியது, அவர்களோடு வந்த காந்தியை அடித்தது. 2015 ஏப்ரலில் இதே ஊரில் ஆப்பிரிக்க அகதிகளை விரட்டியபோது இஸிபிங்கோவிலும் சாட்ஸ்வொர்த்திலும் கூடாரம் போடவேண்டி வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி (இஸிபிங்கோ): நகராட்சியில் அகதி பெர்மிட் வாங்க யாரைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள் தம்பி. தரகரை மட்டும் பார்க்காதீர்கள்.