கார்போகரிசியும் வெயிலும்: மருந்து கேள்வி-பதில்

(மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விதையைப் பற்றியவை. அதனால் இந்த இதழின் பகுதி முழுவதும் அதற்கே.)

கேள்வி: நாட்டு மருந்துக்கடையில் கார்போகரிசி வாங்குகிறோம். டவுனில் உள்ள சீன மருந்துக்கடையிலும் அதே மாதிரி கறுப்பு விதையைப் பார்த்தேன். கேட்டதற்கு ‘பூ கு ட்ஷி’ என்றார்கள். இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றேதான். அவரைக் குடும்பத்துச் செடி. சமஸ்கிருதத்தில் பாகுசீ. சீனப் பெயருக்கு ‘எலும்பைச் சீராக்கும் பிசின்’ என்று பொருள் சொல்லலாம். இதற்குச் சீனத்தில் ‘போ கு ட்ஷி’ என்று இன்னொரு பெயரும் உண்டு. எழுத்தைப் பார்த்தால் ‘கிழிந்த பழைய காகிதம்’ என்று வரும். 16ஆம் நூற்றாண்டுச் சீன மருத்துவ அறிஞர் லி ஷிட்ஷென் இதை அன்றே விளக்கிவிட்டார்: அயல்நாட்டார் அழைத்த பெயர், மக்கள் வாயில் திரிந்து அப்படி ஆனது. பாகுசீ என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எந்தப் பெயர் திரிந்தது என்று தெரியும்.

வாங்கும்போது உள்ளங்கையில் நாலு விதையை வைத்துப் பாருங்கள். சிறுநீரக வடிவம், 3 முதல் 5 மில்லிமீட்டர் நீளம், கறுப்பு அல்லது கருங்காப்பி நிறம், மேலே வலை பின்னியதுபோல மெல்லிய சுருக்கம். நகத்தால் நசுக்கினால் எண்ணெய்ப் பசையும் காரமான வாசனையும் வரும். கடித்தால் காரம், பின்னாலேயே லேசான கசப்பு. வாசனையே இல்லாமல் தட்டையாக, காது மாதிரி இருந்தால் வாங்காதீர்கள். ஊமத்தை விதை இதனுடன் கலந்துபோக வாய்ப்புண்டு. அது உள்ளே போனால் வாய் வறளும், கண்மணி விரியும், பிதற்றல் வரும்.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. முழங்கையிலும் விரல் நுனியிலும் வெள்ளைத் திட்டு. தெரிந்தவர் சொன்னார் என்று கார்போகரிசியை வினிகரில் அரைத்துப் பூசி, வெயிலில் அரை மணி நேரம் நிற்க வைத்தோம். அன்று ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் பூசிய இடமெல்லாம் கொப்புளம். மருந்து கெட்டுப்போனதா, மகனுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

இரண்டும் இல்லை. விதை அதன் வேலையைச் செய்திருக்கிறது, அளவு தெரியாமல்.

இந்த விதையில் சொராலென், ஐசோசொராலென் என்று இரண்டு பொருள்கள் உள்ளன. சொராலென் தட்டையான மூலக்கூறு. தோல் செல்லுக்குள் போய் டிஎன்ஏ ஏணியின் இரண்டு படிகளுக்கு நடுவே செருகிக்கொள்ளும். இருட்டிலேயே இருந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. வெயிலில் உள்ள நீண்ட அலைப் புற ஊதாக் கதிர், அதாவது 320 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ளது, பட்டதும் ஏணியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். இன்னும் கதிர் பட்டால் மறுபக்கத்தையும் சேர்த்துத் தைத்துவிடும். தைக்கப்பட்ட செல் பிரிந்து பெருக முடியாது. ஐசோசொராலெனின் வடிவம் வளைந்திருப்பதால் ஒரு பக்கத்தை மட்டுமே பிடிக்கும், அதனால் வலு குறைவு.

சாதாரண வெயில் காந்தல் அன்று மாலையே தெரியும். இந்தக் காயம் ஒரு நாள் கழித்துத்தான் தொடங்கி, 48 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். முதல் நாள் ஒன்றும் தெரியாததால், ‘இன்னும் கொஞ்சம் நிற்கட்டும்’ என்று மறுநாளும் நிறுத்துகிறார்கள். பெரும்பாலான விபத்து அங்கேதான் நடக்கிறது. மேகமூட்டமும் ஜன்னல் கண்ணாடியும் இந்தக் கதிரை முழுதாகத் தடுப்பதில்லை. எலுமிச்சை பிழிந்த கையைக் கழுவாமல் வெயிலில் வேலை பார்த்தவர்களுக்குக் கையில் கறுப்புக் கோடு விழுவதும் இதே வகைப் பொருளால்தான்.

அளவைப் பாருங்கள். சீன அரசின் அதிகாரப்பூர்வ மருந்து நூல் விதிப்படி நல்ல விதையில் இந்த இரண்டு பொருளும் சேர்ந்து குறைந்தது 0.70 சதவீதம் இருக்க வேண்டும். சம எடை வினிகரில் அரைத்தால் விழுதில் 0.35 சதவீதம். தோல் மருத்துவர்கள் பூசுவதற்கு இதே குடும்பத்து மெத்தாக்சலெனை 0.01 முதல் 0.1 சதவீதம் வரைதான் எடுக்கிறார்கள். விதையிலுள்ளது முழுதும் விழுதில் கரையாது, பாதி வலு குறைந்தது என்று கழித்துப் பார்த்தாலும் உங்கள் விழுது அதை மிஞ்ச வாய்ப்பு அதிகம். அவர்கள் விளக்கின் கதிரையும் ஜூல் கணக்கில் அளந்து, மிகக் குறைவாகத் தொடங்கி ஏற்றுவார்கள். பேராக் வெயிலுக்கு அளவுகோல் கிடையாது.

இப்போது செய்ய வேண்டியது: சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். மஞ்சளோ பற்பசையோ வேண்டாம். நீளக்கைச் சட்டை போட்டு, ஆறும்வரை வெயில் படாமல் வைத்திருங்கள். காய்ச்சல், சீழ் வந்தாலும், முகத்தில் பட்டிருந்தாலும், கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும் அன்றே மருத்துவமனை. ஆறிய பிறகு கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் இருக்கலாம். அதைப் பார்த்து ‘நிறம் திரும்பிவிட்டது’ என்று மறுபடி பூசிவிடாதீர்கள்.

வெள்ளைத் திட்டுக்கு வருவோம். முதலில் அது வெண்புள்ளிதானா என்று உறுதி செய்யுங்கள். தேமலும் வெளுப்பாக இருக்கும். தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி மங்கியிருக்கும். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டால் தெரியாது. அப்படியிருந்தால் தாமதிக்காமல் அரசு கிளினிக்குக்குப் போங்கள். முழுதாகக் குணமாகிற நோய் அது. வெண்புள்ளி ஒட்டிக்கொள்ளாது, அதைக் ‘குட்டம்’ என்று சொல்வதை நாம் விட்டுவிட வேண்டும். பிள்ளையின் மனத்தை அந்தச் சொல்தான் அதிகம் புண்படுத்துகிறது.

வெண்புள்ளியில் நிறம் திரும்புவது பெரும்பாலும் முடியின் வேர்க்காலில் மிச்சமிருக்கும் நிறச் செல்களிலிருந்து. அதனால் முகத்தில் எளிதாகவும், முடியில்லாத விரல் நுனியில் மிகக் கடினமாகவும் இருக்கும். திட்டிலுள்ள முடியும் வெளுத்துவிட்டால் நம்பிக்கை குறைவு. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால், விரல் நுனி மாறவில்லையே என்று மருந்தை மேலும் மேலும் பூச மாட்டீர்கள். இன்று மருத்துவர்கள் சொராலெனே இல்லாமல் 311 நானோமீட்டர் விளக்கில் வாரம் இரண்டு மூன்று முறை கதிர் கொடுக்கிறார்கள். ஸ்டீராய்டு, டாக்ரோலிமஸ் களிம்புகளும் உண்டு. எதுவானாலும் மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும்.

கேள்வி: விடியற்காலை நாலு, ஐந்து மணிக்குத் தினமும் வயிற்றுப்போக்கு. சீன வைத்தியர் உப்பில் வறுத்த பூ கு ட்ஷி சேர்த்துக் கஷாயம் எழுதித் தந்தார். வீட்டிலேயே வறுக்கலாமா? ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன், வெயிலில் இருப்பேன்.

அவர் எழுதியது பழைய சூத்திரத்தை ஒட்டியதாக இருக்கும். சீன மருத்துவத்தில் இதைக் ‘கோழி கூவும் நேரத்துப் போக்கு’ என்பார்கள். பூ கு ட்ஷி நாலு பங்கு, சாதிக்காய் இரண்டு, வூ வெய் ட்ஸி என்ற சீன உலர்பழம் இரண்டு, வூ ட்ஷூ யூ என்ற இன்னொரு சீன உலர்பழம் ஒரு பங்கு, இஞ்சியும் சிவப்புப் பேரீச்சையும் துணைக்கு. சாதிக்காயை மாவில் பொதிந்து சுட்டு எண்ணெயை இறக்கிவிட்டுத்தான் சேர்ப்பார்கள். உடம்பின் அடிவயிற்றுக் குளிர்ச்சியால் போக்கு வருகிறது, காரமும் சூடும் உள்ள விதை அதை மாற்றும் என்பது அவர்கள் கணக்கு.

வறுப்பது இப்படி. 100 கிராம் விதைக்கு 2 கிராம் உப்பு. அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. இரண்டு தேக்கரண்டி வெந்நீரில் கரைத்து விதைமேல் தெளித்துப் பிசறி, உப்புநீர் முழுதும் உள்ளே இழுக்கும்வரை மூடி வையுங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு வாணலியில் போட்டால் உப்பு அடியில் பொரிந்து ஒட்டும், விதைக்குள் போகாது. சிறு தீயில் விடாமல் கிளறுங்கள். விதை லேசாக உப்பி, படபடவென வெடித்து, வாசனை எழும்பியதும் இறக்கித் தட்டில் பரப்பிவிடுங்கள். தீ பெரிதானால் மேல்தோல் கருகி உள்ளே பச்சையாக நிற்கும். வறுப்பதில் ஆவியாகும் எண்ணெயில் ஒரு பகுதி போகும், ஆனால் சொராலென் போய்விடாது.

‘ராத்திரி ஊற வைத்தால் வேகம் குறையும்’ என்று சிலர் சொல்வதும் சரியல்ல. பச்சை விதையில் சர்க்கரையோடு பிணைந்த நிலையிலும் சொராலென் இருக்கிறது. உடைத்த விதை ஈரத்தில் கிடந்தால், விதையிலுள்ள நொதி அந்தச் சர்க்கரையைக் கழற்றிவிட, சொராலென் கூடும்.

ஒரு நாளுக்கு 6 முதல் 10 கிராம் என்பது சீன மருந்து நூலின் அளவு. அதைத் தாண்டாதீர்கள், வைத்தியர் சொன்ன நாளுக்குமேல் நீட்டாதீர்கள். கல்லீரல் பாதிப்பு பற்றி 2005இல் கொரியாவிலிருந்தும் 2009இல் ஹாங்காங்கிலிருந்தும் மருத்துவ இதழ்களில் செய்தி வந்திருக்கிறது. பசி போய், உடம்பு ஓய்ந்து, சிறுநீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறி, கண் மஞ்சளானால் கஷாயத்தை அன்றே நிறுத்திவிட்டு, மிச்ச விதையைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

வெயில் விஷயம்: குடித்தாலும் சொராலென் தோலுக்கு வரும். பால் வெட்டும்போது மரநிழல் உண்டு. வெட்டி முடித்துப் பால் சேர்த்துக் கொண்டுபோகிற பத்து, பதினோரு மணி வெயில்தான் ஆபத்து. கஷாயத்தை இரவில் குடியுங்கள், முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் போடுங்கள். டாக்சிசைக்ளின், ஹைட்ரோகுளோரோதயசைடு போலத் தோலை வெயில் தாங்காமல் செய்யும் மருந்து எடுப்பவர்களும், ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் எடுப்பவர்களும், கல்லீரல் நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், மார்பகப் புற்றுநோய் வந்தவர்களும் தொட வேண்டாம். இதில் பெண் ஹார்மோன்போல் செயல்படும் பொருள்களும் உண்டு.

மலத்தில் ரத்தம், எடை குறைதல், அல்லது ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய போக்கு என்றால் கஷாயத்துக்கு முன்பே குடல் பரிசோதனை.

கேள்வி: குழந்தைக்கு அரைக்கும் குளியல் பொடியில் கார்போகரிசி போடலாமா?

குழந்தைக்கு வேண்டாம். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ போதும், வாசனைக்கு வெட்டிவேர். பெரியவர்கள் தேய்த்து உடனே கழுவிவிடுவதால் தொல்லை குறைவு. முகத்தில் பூசிக் காயவிட்டு, துணி காயப்போட வாசலுக்கு வந்து நிற்பதுதான் தவறு.

கேள்வி: ஆன்லைனில் ‘பகுச்சியால்’ சீரம் விற்கிறார்கள். இந்த விதைதான் என்கிறார்கள். அப்படியானால் விதையையே எண்ணெயில் காய்ச்சிக் கொள்ளலாமே?

கூடாது. பகுச்சியால் இதே விதையில் உள்ள வேறொரு பொருள். 1966இல் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் அதைப் பிரித்தெடுத்து, விதையின் பெயரையே வைத்தார்கள். சொராலெனைப்போல வெயிலோடு சேர்ந்து தோலைச் சுடும் வேலை அதற்கு இல்லை. 44 பேரிடம் 12 வாரம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், தினம் இருமுறை பூசிய 0.5 சதவீதப் பகுச்சியால் சுருக்கத்திலும் கறுப்புப் புள்ளியிலும் வைட்டமின் ஏ வகைப் பொருளான ரெட்டினாலுக்கு ஈடாக நின்றது. எரிச்சலும் தோல் உரிதலும் குறைவு. சிறிய ஆய்வுதான், ஆனால் ஒழுங்காக நடந்தது.

தொழிற்சாலையில் சொராலெனை நீக்கிவிட்டுத்தான் பகுச்சியாலைச் சீரத்தில் சேர்க்க வேண்டும். அடுப்பில் காய்ச்சும் எண்ணெயில் இரண்டும் சேர்ந்தே இறங்கும். சீரத்துக்குக் கொடுக்கும் பணம் அந்தப் பிரிப்புக்குத்தான்.

கேள்வி: இதே விதையின் பொடி என்று பசார் மாலம் இரவுச் சந்தையில் கேப்சூல் வாங்கினேன். ஒரே வாரத்தில் மூட்டுவலியும் அரிப்பும் பறந்துவிட்டன. தொடரலாமா?

அந்த வேகமே சந்தேகத்துக்குரியது. மலேசியாவில் பதிவான பாரம்பரிய மருந்தின் பெட்டியில் ‘எம்ஏஎல்’ (MAL) என்ற எழுத்தும், எண்களும், அவற்றுக்குப் பின் ‘டி’ (T) எழுத்தும் இருக்கும். அந்த எண்ணைத் தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் இணையத்தளத்தில் போட்டால் மருந்தின் பெயர் வர வேண்டும். எண் இல்லை, அல்லது வேறு பெயர் வருகிறது என்றால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். இப்படிக் கலந்தவை இங்கே பலமுறை பிடிபட்டிருக்கின்றன. முகம் உப்புவதும், பசி கூடுவதும், சர்க்கரை ஏறுவதும் அதன் அடையாளம். வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் நீங்களாகவே சட்டென்று நிறுத்தாதீர்கள்; ஸ்டீராய்டு திடீரென நின்றால் மயக்கமும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வரும். பாட்டிலோடு நாளைக்கே அரசு கிளினிக்குக்குப் போய், எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.