ஒரே காதல் தோல்விப் பாடல், இசைக்கோர்ப்பு மாறினால் ஏன் வேறு விதமாக வலிக்கிறது?

ஸ்வீடன் பாடகி ராபின் பாடிய ‘டான்சிங் ஆன் மை ஓன்’ பாடலுக்கு ஆடியதாகவும், அதையே பிரிட்டன் பாடகர் கேலம் ஸ்காட் பாடக் கேட்டு அழுததாகவும் எழுதிக் காரணம் கேட்டிருக்கிறீர்கள். வேகத்தைக் குறைத்தால் சோகம் தானாக வந்துவிடும் என்பார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கல்யாண விருந்துகளுக்குக் கீபோர்டு வாசிப்பவன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடில்லை. (தோட்டத்துக் கோயில் பஜனையில் ஆர்மோனியம் பழகியவன் நான், இசை இலக்கணம் பேசி மடக்க வருபவர்கள் பொறுத்தருள வேண்டும்.)

ஒரு விருந்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் பழைய சோகப் பாடல் ஒன்றை விரும்பிக் கேட்டார். மணவீட்டில் ஒப்பாரி வேண்டாமென்று அதைத் துள்ளலான தாளத்தில் வாசித்தோம், இளவட்டங்கள் ஆடினார்கள். இரண்டாம் சரணத்தில் யாரோ கால் இடறியதில் தாளம் வாசிக்கும் மின்கருவியான டிரம்பேடின் ஒயர் பிடுங்கிக்கொண்டது. என் கை அதே வேகத்தில்தான் போனது, சுருதியும் மாறவில்லை. ஆனால் தாளத்தின் பிடி விட்டதும் பாடகர் வரியின் கடைசி எழுத்தை இழுத்து நிறுத்தினார். அவர் மூச்சு வாங்குவது மைக்கில் கேட்டது. பிரியாணி வரிசையில் நின்ற அத்தைமார்கள் தட்டோடு திரும்பிப் பார்த்தார்கள். பாடகர் ஷட்ஜத்தில் (‘ஸ’வில்) நின்றபோது நானும் ‘ஸ க ப’ மூன்றையும் சேர்த்து அழுத்தும், மலர்ச்சியாக ஒலிக்கும் மேஜர் கார்டை விட்டு, ‘த ஸ க’ என்ற சோகமாக ஒலிக்கும் மைனரைப் பிடித்தேன். குரல் நின்ற இடம் அதேதான். வீடு வந்து சேர்ந்திருந்த அந்த ஸ்வரம் வாசலிலேயே நின்றுவிட்டது போலிருந்தது.

தாளம் இருந்தால் பாடுகிறவரைச் சுற்றிக் கூட்டம் இருக்கிறது என்பது என் எண்ணம். 2010இல் வந்த ராபினின் பாடலில், விட்டுப் போனவன் இன்னொருத்தியை முத்தமிடுவதைப் பார்த்துக்கொண்டே, பாடுகிறவள் மூலையில் ஆடுகிறாள்; சிந்தசைசர் துடிப்பு ஓயாததால் உட்கார்ந்து அழவும் முடியாது. ஸ்காட் 2016இல் அதைப் பியானோவில் வெளியிட்டபோது கூடம் காலியாகிவிட்டது. அழ இடம் கிடைத்தது, ரோஷம் போய்விட்டது. எனக்கு மூலப் பாடல்தான் அதிகம் வலிக்கிறது. மெதுவான பியானோ என்றாலே ஆழம் என்று சொல்பவர்களோடு எனக்கு நெடுநாள் சண்டை உண்டு.

அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் 1974இல் வெளியிட்ட ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பாடலை, தொழில் கூட்டாளியைப் பிரியும் வேளையில் எழுதினார்; அதில் ஒரு சரணத்தைப் பேசியே முடிப்பார். அதே பாடலை விட்னி ஹூஸ்டனோ 1992இல் வாத்தியமே இல்லாமல் தொடங்கி, பிறகு எல்லாம் ஒரு கணம் நின்று, ஓங்கிய டிரம் அடியோடு சுருதியை உயர்த்துகிறார். விடைபெறுதல் அங்கே சூளுரையாகிவிடுகிறது.

இவற்றையெல்லாம் மேடையில் செய்துகாட்ட இப்போது வழியில்லை. ‘மைனஸ் ஒன் (குரல் மட்டும் இல்லாத பதிவிசை) போதும், ஆளுக்கு எதற்குச் செலவு’ என்கிறார்கள் விருந்து ஏற்பாட்டாளர்கள். பென்டிரைவில் வரும் தாளம் பாடகருக்காகக் காத்திருக்காது. போன மாதம்கூட ஒருவர் என்னைக் கீபோர்டு ஸ்டாண்டை விரிக்கவே விடவில்லை. அதற்குள் அந்த இடத்தில் புகைப்பட மேடை போட்டுவிட்டிருந்தார்.