மனைவிக்குச் சீனாவில் டீச்சர் வேலை: கணவரும் மகளும் எந்த விசாவில் போவது?

கேள்வி: என் மனைவிக்குச் சீனாவின் சுஜோ நகரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் சேர வேண்டும். பி.எஸ்சி., பி.எட். தமிழ்நாட்டில் முடித்தார்; எம்.எஸ்சி. இங்கிலாந்தில். ஏஜென்ட், "பிசினஸ் விசாவில் போங்கள், ஒரு மாதத்தில் அங்கேயே வேலை விசாவாக மாற்றித் தருகிறோம். நீங்களும் குழந்தையும் டூரிஸ்ட் விசாவில் கூடவே போய்விடலாம்" என்கிறார். சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை போதுமாம். எனக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிற வேலை பார்த்துத் தருகிறாராம். எல்லாவற்றுக்கும் சேர்த்து 2 லட்சம் கேட்கிறார். மகளுக்கு 6 வயது. மூன்று பேரும் ஒன்றாகக் கிளம்புவது சரியா சார்?
வாசகர், திருச்சி

பதில்: சீனாவுக்குத் தாராளமாகப் போகலாம். ஏஜென்ட் சொல்கிற வழியில் மட்டும் மூவரில் ஒருவர்கூடப் போகாதீர்கள்.

சீனாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்க வருகிறவர் இசட் விசாவில் வர வேண்டும். பிசினஸ் விசா என்று ஏஜென்ட் சொல்கிற எம் விசா, சரக்கு வாங்கவும் கண்காட்சி பார்க்கவும் வருகிற வியாபாரிகளுக்கானது. அதில் போய் வகுப்பு எடுத்தால் முதல் நாளிலிருந்தே சட்டவிரோத வேலைதான். 2013 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் குடிவரவுச் சட்டப்படி இதற்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். விஷயம் பெரிது என்று போலீஸ் நினைத்தால் கூடவே 5 முதல் 15 நாள் காவல். நாட்டை விட்டு அனுப்பினால் ஓராண்டு முதல் 5 ஆண்டு வரை திரும்ப நுழைய முடியாது. வேலைக்கு வைத்த பள்ளிக்கும் ஆள் பிடித்துக் கொடுத்தவருக்கும் அபராதம் உண்டுதான். ஆனால் உங்கள் ஏஜென்ட் இருப்பது இங்கே. அங்கே போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் குழந்தையோடு உட்காரப் போகிறவர் நீங்கள்.

"அங்கேயே மாற்றித் தருகிறோம்" என்பதை நம்பாதீர்கள். பொதுவாக மாற்ற முடியாது, திரும்பி வந்து இசட் விசா எடுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். அப்போது "ஹாங்காங் வரை ஒரு நடை போய் அங்கே விசா எடுத்து வாருங்கள்" என்று இரண்டாவது கதை ஆரம்பிக்கும். இந்திய பாஸ்போர்ட்டோடு ஹாங்காங்குக்குள் கால் வைக்கவே முன்கூட்டி ஆன்லைனில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதை இந்த ஆட்கள் சொல்வதே இல்லை.

ஏன் எம் விசாவுக்குத் தள்ளுகிறார்கள் தெரியுமா? முறையான வழியில் பள்ளியும் காகிதம் காட்டியாக வேண்டும். வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அந்தப் பள்ளி தகுதியானதா, கணக்கு டீச்சர் என்று எடுத்துவிட்டுப் பக்கத்து மழலையர் பள்ளியில் ஆங்கிலம் நடத்த அனுப்புகிறதா என்பதெல்லாம் அப்போது வெளியே வந்துவிடும். ஏஜென்டின் கமிஷனோ உங்கள் மனைவி போய் இறங்கியதுமே கைக்கு வந்துவிடும். அதற்கப்புறம் அவர் போனை எடுப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எனவே ஒரே ஒரு காகிதத்தைக் கேளுங்கள். வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம். ஆசிரியர் இந்தியாவில் இருக்கும்போதே பள்ளி விண்ணப்பித்து வாங்கி அனுப்ப வேண்டியது அது. அதைக் காட்டித்தான் இசட் விசா எடுக்க முடியும். அதில் இருக்கிற நிறுவனத்தின் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கிற பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒப்பந்தம் இரண்டு மொழியில் இருந்தால் சீன மொழிப் பிரதியைத்தான் அங்கே செல்லுபடியாக எடுப்பார்கள். நம்பகமான யாரையாவது வைத்து அதை வாசித்துக் கேட்டுவிடுங்கள். கடிதம் வராமல் டிக்கெட் போடாதீர்கள்.

அடுத்தது அப்போஸ்டில், அதாவது ஒரு நாட்டு அரசு தன் சான்றுக்குப் போடும் முத்திரையை, உடன்படிக்கையில் உள்ள மற்ற நாடுகள் தூதரகம் போகாமலே ஏற்கும் ஏற்பாடு. இதில் ஏஜென்ட் பாதி உண்மை சொல்கிறார், அந்தப் பாதிதான் ஆபத்து. சீனா அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தது வாஸ்தவம். 2023 நவம்பர் 7 முதல் அமலுக்கும் வந்தது. ஆனால் சீனா சேர்ந்ததற்கு இந்தியா ஆட்சேபம் தெரிவித்ததால் இந்த இரண்டு நாடுகளுக்கு நடுவே மட்டும் அது செல்லாது. ஆகவே இந்தியாவில் வாங்கிய சான்றுக்குப் பழைய நடைதான்: முதலில் மாநில அரசு அட்டஸ்டேஷன், அப்புறம் டெல்லியில் வெளியுறவு அமைச்சகம், கடைசியில் சீனத் தூதரகம். சென்னையில் சீனத் தூதரக அலுவலகம் கிடையாது. அரசாங்கங்கள் முறைத்துக்கொள்ளட்டும், அதற்கு ஒரு கணக்கு டீச்சரின் பி.எட். சான்றிதழ் மூன்று கவுண்டர் ஏறி இறங்க வேண்டுமா என்றால், ஆமாம், ஏறித்தான் ஆக வேண்டும்.

உங்கள் வீட்டில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. மனைவியின் எம்.எஸ்சி. இங்கிலாந்துப் பட்டம். அதற்கு அப்போஸ்டில் போதும், தூதரகம் தேவையில்லை. ஏனென்றால் இதில் பார்ப்பது சான்று எந்த நாட்டில் பிறந்தது என்பதை. வைத்திருப்பவரின் பாஸ்போர்ட்டை அல்ல. இங்கிலாந்துக்கும் சீனாவுக்கும் நடுவே உடன்படிக்கை செல்லும். ஆனால் அந்த முத்திரையை இங்கிலாந்து அரசுதான் போட வேண்டும். எம்.எஸ்சி. சான்றிதழைச் சென்னையில் கொடுத்து இந்திய அப்போஸ்டில் ஒட்டி வாங்கினால் அது ஒன்றுக்கும் உதவாத ஸ்டிக்கர். அதே மாதிரி எம்.எஸ்சி.க்கு அப்போஸ்டில் செல்கிறதே என்று பி.எட்.டையும் அதில் சேர்த்துவிட முடியாது. ஒரே ஃபைலில் இரண்டு சான்றுக்கு இரண்டு பாதை. பி.சி.சி. எனப்படும் போலீஸ் சான்றும் இந்தியாவில் வாங்குவதால் அதற்குத் தூதரகப் பாதைதான். அதை 6 மாதத்துக்குள் எடுத்ததாகக் கேட்பார்கள், ரொம்ப முன்னாடியே எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தில் அவர் இருந்த காலத்துக்கும் போலீஸ் சான்று வேண்டுமா என்று பள்ளியிடம் இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள், ஊருக்கு ஊர் மாற்றிக் கேட்கிறார்கள். சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருந்தால் அதன்மேல் யாரும் முத்திரை போட மாட்டார்கள்; பல்கலைக்கழகத்தில் புதுப் பிரதிக்கு இன்றே எழுதிப்போடுங்கள்.

இனி உங்கள் கதை. நீங்களும் மகளும் போக வேண்டியது எஸ்-1 விசாவில். சீனாவில் வேலை பார்ப்பவரின் கணவன் அல்லது மனைவி, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், பெற்றோர், மாமனார் மாமியார் ஆகியோர் 180 நாளுக்கு மேல் தங்குவதற்கான விசா இது. டூரிஸ்ட் விசாவில் போனால் நாள் முடிந்ததும் கிளம்ப வேண்டியதுதான். குழந்தையைப் பள்ளியில் சேர்க்கவும் ரெசிடென்ஸ் பர்மிட் (அங்கே தங்கியிருப்பதற்கான அனுமதி) இல்லாமல் சிரமம்.

மனைவியின் இசட் விசாவானாலும் உங்கள் எஸ்-1 ஆனாலும், இறங்கிய 30 நாளுக்குள் ரெசிடென்ஸ் பர்மிட்டுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். இங்கே விசாவுக்கு நகலை ஏற்றுக்கொண்டிருப்பார்கள். அங்கே ரெசிடென்ஸ் பர்மிட் கவுண்டரில் கல்யாணச் சான்றும் பிறப்புச் சான்றும் தூதரக முத்திரையோடு அசலாக, சீன மொழிபெயர்ப்போடு கேட்பார்கள். ஏஜென்டுகள் டிகிரி சான்றிதழ் பின்னால் ஓடுவார்கள்; குடும்பச் சான்றுகளில் அவர்களுக்குக் காசு இல்லை, அதனால் வாயே திறக்க மாட்டார்கள். சுஜோவில் உட்கார்ந்துகொண்டு திருச்சி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஆள் அனுப்புகிற கொடுமை இருக்கிறதே, அது யாருக்கும் வேண்டாம்.

ஆகவே இந்த வாரமே இரண்டையும் எடுத்துப் பாருங்கள். கல்யாணம் கோயிலில் நடந்தது, பத்திரிகையும் ஆல்பமும் இருக்கிறது என்றால் அது உறவினருக்குத்தான் சாட்சி. சார்பதிவாளரிடம் பதிவு செய்த சான்று வேண்டும். பிறப்புச் சான்றில் மகளின் பெயர் ஏறியிருக்கிறதா? பெயர் இல்லாமல் "பெண்" என்று மட்டும் பதிந்துவிட்டு மறந்துபோன வீடுகள் நம் ஊரில் ஏராளம்.

பெயர் என்றதும் இன்னொன்று. நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. டிகிரியில் "கே" என்று ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர், கல்யாணச் சான்றில் கணவர் இனிஷியல், குழந்தையின் சான்றில் வேறொரு எழுத்துக்கூட்டல். நமக்கு இதெல்லாம் ஒரே ஆள் என்று பார்த்ததும் தெரியும். சீனக் கணினிக்குத் தெரியாது. அங்கே வங்கிக் கணக்கிலிருந்து போனில் பணம் கட்டும் வீசாட் பே வரை எல்லாமே பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத்தான் திறக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே மற்ற எல்லாவற்றையும் திருத்த முயலுங்கள். முடியாததற்கு, எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எடுத்து, பள்ளி ஏற்கிறதா என்று கேட்டு, அதையும் அட்டஸ்டேஷனுக்குச் சேர்த்து அனுப்புங்கள்.

சரி, ஒன்றாகப் போவதா? அறிவிப்புக் கடிதத்துக்கு விண்ணப்பிக்கும்போதே உடன் வருகிறவர்கள் என்று உங்கள் இருவர் பெயரையும் பள்ளி சேர்க்கலாம். ஆனாலும் நான் சொல்வது, மனைவி ஆகஸ்டில் தனியாகப் போகட்டும். ரெசிடென்ஸ் பர்மிட் வாங்கி, வீடு பார்த்த பிறகு அவரே உங்களுக்கு அழைப்புக் கடிதம் எழுதட்டும். இரண்டு மாதம் தள்ளிப் போனால் குழந்தை அழுவாள், நீங்களும் ஹோட்டல் சாப்பாடு சாப்பிடுவீர்கள். பள்ளி சரியில்லை என்று தெரிந்தால் அவர் ஒருவர் திரும்பி வருவது சுலபம்; மூவரும் பெட்டியோடு திரும்புவது சுலபமில்லை.

வீட்டில் குடியேறியதும் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிப் போலீஸ் நிலையத்தில் மூவரும் பதிவு செய்ய வேண்டும். தவறினால் 2,000 யுவான் வரை அபராதம். அதற்கு வீட்டுக்காரரின் காகிதங்கள் தேவை, அதனால் "போலீஸ் பதிவெல்லாம் வேண்டாமே" என்று இழுக்கிற வீட்டுக்காரரிடம் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத டெபாசிட்டோடு மூன்று மாத வாடகையை மொத்தமாகக் கேட்பது அங்கே வழக்கம். கையில் அந்த அளவு பணம் இருக்கட்டும், முதல் சம்பளம் வரும்வரை.

மகளின் படிப்பை ஒப்பந்தத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான பன்னாட்டுப் பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் 2 லட்சம் யுவானைத் தாண்டுவது சாதாரணம். ஒரு டீச்சர் சம்பளத்தில் அது கட்டாது. "ஊழியர் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு" என்று வாய்வார்த்தை சொல்வார்கள். எத்தனை சதவீதம், எந்த வகுப்பிலிருந்து, பஸ்ஸும் மதியச் சாப்பாடும் சேர்த்தா, எழுதித் தரச் சொல்லுங்கள். மனைவி வேலை பார்ப்பது சீனப் பிள்ளைகள் படிக்கிற இருமொழிப் பள்ளி என்றால், முதல் 9 வகுப்புக்கு அங்கே சீனப் பாடத்திட்டம்தான் அடிப்படை. 6 வயதில் குழந்தை மொழியைப் பிடித்துக்கொள்வாள். வீட்டுப்பாடம் சொல்லித்தரப் போகிற உங்களைத்தான் யோசிக்க வேண்டும்.

உங்கள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வேலை வேண்டவே வேண்டாம். எஸ்-1 விசாவில் வந்தவர் சம்பாதிக்கக் கூடாது, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டியூஷன் எடுத்துக் காசு வாங்குவதும் சேர்த்து. உங்களுக்கென்று தனி வேலை அனுமதி வாங்கலாமே என்றால், ஆங்கிலம் கற்பிக்க ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டுப் பாஸ்போர்ட்டைக் கேட்கிறார்கள். நாற்பது வருடம் ஆங்கில இலக்கியம் நடத்திய நம் ஊர்ப் பேராசிரியர் தகுதியில்லாதவர், வேறு ஏதோ படித்துவிட்டு வந்த இருபத்து நான்கு வயதுப் பையன் பாஸ்போர்ட்டின் தயவில் தகுதியானவர். இதில் நியாயம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 2021 ஜூலையில் டியூஷன் சென்டர்கள்மேல் சீன அரசு கடுமையாகப் பாய்ந்தது. அதற்கப்புறம் பள்ளிக்கு வெளியே நடக்கும் வகுப்புகளின்மேல் இன்னும் கூடுதல் கண். மாட்டினால் உங்களோடு போகாது, மனைவியின் பர்மிட்டுக்கும் சேர்த்து வரும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பை அங்கே தடுத்திருக்கிறார்கள். அங்கே எல்லாரும் பேசப் பயன்படுத்தும் வீசாட் செயலியை 2020 ஜூனில் இங்கே தடை செய்துவிட்டார்கள். பாட்டியும் பேத்தியும் பேச இந்திய சிம்மில் ரோமிங் போட்டுக்கொள்வது ஒரு வழி, இரண்டு பக்கமும் ஐபோன் இருந்தால் ஃபேஸ்டைம் இன்னொரு வழி. கிளம்புவதற்கு முன்பே பழக்கிவிடுங்கள்.

கடைசியாக அந்த 2 லட்சம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் குடிபெயர்வுச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பதிவு எண்ணைக் கேளுங்கள். "விசா கன்சல்டன்சி மட்டும்தான் சார்" என்று நழுவினால் பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் ரசீதோடு சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் புகார் அனுப்பலாம். மனைவியின் அசல் சான்றிதழ்கள் அவரிடம் இருந்தால் முதலில் அவற்றைக் கையில் வாங்குங்கள், சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.